நாச்சிமுத்து விரலை எடுத்த நேரம்

போன மாதம் கல்லூரியிலிருந்து ஒரு போன் வந்தது. பேசியவள் பிரியா. என்னிடம் படித்தவள், இப்போது உளவியல் துறையின் தலைவி. நான் ஓய்வு பெற்ற பிறகு அவள் என்னை அழைத்தால் யாருக்காவது பிரிவுபசார விழா இருக்கும், இல்லாவிட்டால் ஏதாவது சாவி தொலைந்திருக்கும். இந்த முறை இரண்டும் இல்லை.

"மேடம், லேப்பைக் கவுன்சலிங் ரூமா மாத்தறோமுங்க. சோபா வந்துருச்சு. அலமாரியில இருக்கற பழைய சாமானையெல்லாம் எடைக்குப் போட்டுரலாம்னு இருக்கோம். ஒருக்கா வந்து எது என்னன்னு சொல்லிப்போட்டுப் போறீங்களா?"

போனேன். புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளர்கள் மேசையைச் சுற்றி நின்றார்கள். ஒரு பையன் பித்தளைச் சக்கரம் வைத்த கருவி ஒன்றைத் தூக்கிப் பார்த்து, "இது தையல் மிஷினுங்களா மேடம்?" என்றான். மனசுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கிற கடிகாரம் என்றேன். அவர்கள் சிரிக்கவில்லை. பெரியவர்கள் எதையாவது சொன்னால் சிரிக்காமல் கேட்கும் பிள்ளைகள் அவர்கள். கடைசியில் ஒரு பெண் மட்டும், "அளந்து என்ன மேடம் பண்ணுனீங்க?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். பிரியா உடனே, "அதையே எழுதிக் குடுங்க மேடம், துறை மலர்ல போட்டுரலாம். உளவியல் எப்படி அறிவியலாச்சுன்னு" என்றாள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்தக் கருவிகள் மேல் எனக்குப் பாசம் ஒன்றும் கிடையாது. பாதி நாள் அவை வேலை செய்யாது. மீதி நாள் கரண்ட் இருக்காது. எடைக்குப் போடச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். உளவியல் எப்படி அறிவியலானது என்று உலகத்துக்குச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். எங்கள் ஆய்வகத்தில் அது ஒரே ஒரு நாள் நடந்தது என்பது என் எண்ணம். அதை எழுதுகிறேன்.

கோயமுத்தூர்க் கோட்டைமேட்டில் அத்தாவுக்கு, என் அப்பாவுக்கு, பூட்டுக் கடை. நான் உளவியல் படிக்கப் போகிறேன் என்றபோது அவர், "பைத்தியத்தைப் பாக்கற படிப்பாம்மா?" என்றார். இல்லை, நல்ல மனுஷங்களைப் பார்க்கிற படிப்பு என்றேன். "அதுக்கு எதுக்கு காலேஜு, கடையில ஒக்காந்தாப் போதுமே" என்றார். இருந்தாலும் படிக்க வைத்தார். படித்தேன், மேற்படிப்பும் முடித்தேன், அதே கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தேன். இந்த வரியை எழுதுவதற்கு ஆன நேரத்தைவிடக் கொஞ்சம் அதிகம் பிடித்தது, அவ்வளவுதான்.

துறைத்தலைவர் சென்னியப்பன் சார். சென்னிமலைக்காரர். சிரித்துப் பார்த்ததில்லை, கோபப்பட்டும் பார்த்ததில்லை. எதைக் கேட்டாலும் தனக்குத் தெரிந்த அளவு மட்டும் சொல்வார், அதற்கு மேல் ஒரு இம்மி போக மாட்டார். மழை வருமா சார் என்றால், "வெளிய பாத்தா மேகம் இருக்குதுங்க" என்பார். அவருடைய மகளின் கல்யாணத்தில் மாப்பிள்ளை நல்ல பையனா என்று யாரோ கேட்டதற்கு, "இதுவரைக்கும்" என்று பதில் சொன்னதாகத் துறையில் ஒரு பேச்சு உண்டு. நான் நம்புகிறேன்.

ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் அவர் மனசைப் பற்றிப் பேச மாட்டார். நட்சத்திரத்தைப் பற்றிப் பேசுவார். இங்கிலாந்தில் ஒரு வானாய்வுக் கூடம். தொலைநோக்கியில் ஒரு கம்பி. நட்சத்திரம் அந்தக் கம்பியைக் கடக்கும் நேரத்தை, கடிகாரத்தின் டிக் டிக்கைக் கேட்டுக்கொண்டே குறிக்க வேண்டும். தலைமை வானியலாளர் ஒரு நேரம் குறித்தார். அவருடைய உதவியாளர் எப்போதும் அதைவிடக் கொஞ்சம் தாமதமாகக் குறித்தார். ஒரு நொடிகூட இருக்காது. ஆள் சரியில்லை என்று உதவியாளரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். வெகுகாலம் கழித்து இன்னொரு வானியலாளருக்குச் சந்தேகம் வந்தது. ஒப்பிட்டுப் பார்த்தால், உலகத்தில் எந்த இரண்டு பேரும் ஒரே நேரத்தைக் குறிக்கவில்லை. கண் பார்ப்பதற்கும் கை அசைவதற்கும் நடுவே ஒவ்வொருவருக்கும் ஒரு நேரம் ஆகிறது. மனசு என்பது அதுவரை தத்துவக்காரர்களும் சாமியார்களும் பேசித் தீர்க்கும் விஷயமாக இருந்தது. அது நேரம் எடுத்துக்கொள்கிறது என்று தெரிந்ததும் கடிகாரத்தைக் கொண்டுவந்துவிட்டார்கள். ஜெர்மனியில் ஒரு பேராசிரியர், பயன்படாமல் கிடந்த ஓர் அறையில் கருவிகளை அடுக்கி, இது இனிமேல் ஆய்வகம் என்றார். அங்கிருந்துதான் நாம் வந்தோம்.

ஒரு முறை ஒரு மாணவி எழுந்து, "அந்த உதவியாளருக்கு வேலை திரும்பக் கெடச்சுதுங்களா சார்?" என்று கேட்டாள்.

"இல்லைம்மா. நமக்குத்தான் கெடச்சுது" என்றார் சார்.

சாருடைய முறைகள் கடுமையானவை. சோதனைக்கு வருகிறவரை மேசை முன் உட்கார வைப்பார். சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து அதிலிருப்பதைப் படிப்பார். யார் வந்தாலும் அதே சொற்கள், அதே குரல். சோதனை முடியும்வரை சிரிக்கக் கூடாது. 'நல்லாப் பண்றீங்க' என்று சொல்லக் கூடாது. முக்கியமாக, 'சாப்டீங்களா' என்று கேட்கக் கூடாது. இந்தக் கடைசி விதிதான் எங்களுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. கோயமுத்தூரில் ஒருவரை வரவழைத்து உட்கார வைத்துவிட்டுச் சாப்பிட்டீர்களா என்று கேட்காமல் இருப்பது, அவரைத் திட்டுவதற்குச் சமம். சார் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். தேநீர் உண்டு, ஆனால் சோதனை முடிந்த பிறகு.

ஜெர்மனிக்காரர்களுக்கு வராத சிக்கல் எங்களுக்கு வந்தது. ஒரு காம்பஸின் இரண்டு முனைகளை முன்னங்கையில் மெதுவாக வைத்து, படுவது ஒரு புள்ளியா இரண்டு புள்ளியா என்று கேட்பது ஒரு பழைய சோதனை. முனைகள் நெருக்கமாக இருந்தால் இரண்டும் ஒன்றாகத் தெரியும். அதை வைத்துத் தோலின் நுட்பத்தை அளப்பார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த எங்கள் அலுவலக உதவியாளர், "நீங்க எத்தனை வெச்சீங்களோ அத்தனைதானுங்க" என்றார். இல்லைங்க, உங்களுக்கு எப்படித் தெரியுது என்றேன். "எனக்கென்னங்க, நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க" என்றார். ஒரே மாதிரி இருக்கும் மண் நிரப்பிய டப்பாக்களில் எது கனம் என்று கேட்டால், எங்கள் கேன்டீன்காரர் இரண்டையும் தூக்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டுமே நல்லாத்தானுங்க இருக்குது" என்றார். ஒன்றைக் குறைத்துச் சொல்ல அவருக்கு மனசில்லை. சார் இவற்றை எல்லாம் கேட்டுவிட்டு அட்டையை மறுபடியும் ஆரம்பத்திலிருந்து படிப்பார்.

மாணவர்களிடம் இந்தத் தொல்லை இருந்ததில்லை. அவர்களுக்கு எங்கள் மேல் அவ்வளவு மரியாதை கிடையாது.

இனி நாச்சிமுத்து வந்த நாளுக்கு வருகிறேன். அப்போது எல்லார் கையிலும் செல்போன் வந்துவிட்டது, ஆனால் அதில் இன்னும் பொத்தான் இருந்தது. ஒரு தனியார் பஸ் முதலாளி சாரைத் தேடி வந்தார். வெள்ளை வேட்டி, கையில் ஒரு பை நிறைய இளநீர். அவருடைய பஸ் ஒன்று வெள்ளகோவிலைத் தாண்டிக் கரூர் போகும் ரோட்டில் ஒரு மொபெட்டின் மேல் மோதிவிட்டது. பக்கத்துச் சந்திலிருந்து மொபெட் திடீரென்று ஏறி வந்திருக்கிறது. ஓட்டியவர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். டிரைவர் மேல் தப்பில்லை என்று போலீஸ் விசாரணை முடிந்துவிட்டது.

"நம்ம நாச்சிமுத்து தங்கமான ஆளுங்க. இத்தனை வருசத்துல ஒரு கீறல் கெடையாது. இருந்தாலும் வயசாயிருச்சு பாருங்க. பிரேக்கு புடிக்கறதுல சித்தெ லேட்டாயிருக்குமோன்னு ஒரு இது. நம்ம வாயால எப்படிங்க சொல்றது? நீங்க மிஷின் வெச்சிருக்கீங்களாம். அது சொல்லிருச்சுன்னா அவருக்கும் மனசு சங்கடம் இல்லை, நமக்கும் இல்லை."

இதுதான் விஷயம். ஒருவரை வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொல்ல எங்கள் ஊரில் யாருக்கும் வராது. அதற்கு ஒரு மெஷின் தேவைப்பட்டது. எனக்கு அந்த மனிதர் மேல் எரிச்சலாக வந்தது. சார் இளநீரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, டிரைவரை அனுப்பச் சொன்னார்.

நாச்சிமுத்து காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். முடிவு மோசமாக வந்தால் வண்டி கையை விட்டுப் போய்விடும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிந்திருந்தது.

சோதனை சாதாரணமானது. மேசையில் தந்தி அடிக்கிற கட்டை மாதிரி ஒரு பொத்தான். அதை விரலால் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். எதிரே ஒரு சின்ன விளக்கு. அது எரிந்ததும் விரலை எடுத்துவிட வேண்டும். விளக்கு எரியும்போது கடிகாரம் ஓட ஆரம்பிக்கும், விரல் எழும்போது நின்றுவிடும். 'தயார்' என்று சொன்னதிலிருந்து விளக்கு எரியும்வரை ஒரே இடைவெளி இருக்கக் கூடாது. இருந்தால் ஆள் விளக்கைப் பார்க்காமல் மனசுக்குள் தாளம் போட்டு எடுத்துவிடுவார். சில முறை விளக்கையே எரிய விடக் கூடாது. அப்போதும் விரல் எழுந்தால் அது ஏமாற்று, கணக்கில் சேராது. விளக்கையும் கடிகாரத்தையும் பக்கத்து மேசையிலிருந்து நான் இயக்கினேன். சார் நாச்சிமுத்துவுக்கு எதிரே உட்கார்ந்து அட்டையைப் படித்தார்.

நாச்சிமுத்து ஒரு முறைகூட ஏமாறவில்லை. ஆனால் தாமதம். நன்றாகவே தாமதம். இந்த எண்களை அப்படியே கொடுத்தால் போதும், இளநீர்க்காரருக்கு வேலை முடிந்தது. நாச்சிமுத்துவை வெளியே உட்கார வைத்துத் தேநீர் கொடுத்துவிட்டு உள்ளே வந்தேன்.

சார் ஒவ்வொரு நேரத்தையும் ஒரு கட்டம்போட்ட தாளில் புள்ளியாக வைத்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் அதையே பார்த்தார்.

"மந்தமான ஆளு ஒரே மாதிரி மந்தமா இருக்க மாட்டான் அம்மணி. ஒருக்கா வேகமா எடுப்பான், ஒருக்கா தூங்கிருவான், புள்ளி அங்கயும் இங்கயும் செதறும். இவரு பாரு, வரிசை கட்டி லேட்டா வாராரு. விளக்குக்கும் வெரலுக்கும் நடுவுல இவரு வேற ஏதோ ஒரு வேலை பண்றாரு."

இதுவும் பழைய பாடம்தான். ஹாலந்தில் ஒரு மருத்துவர் செய்தது. ஒரு விளக்குக்கு விரலை எடுக்க ஒரு நேரம் ஆகிறது. இரண்டு விளக்குகளில் எது என்று பார்த்து எடுக்க அதைவிட அதிகம் ஆகிறது. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் மிஞ்சுவது, தேர்ந்தெடுக்க மனசு எடுத்துக்கொண்ட நேரம். கழித்தல் கணக்கால் மனசை அளந்தவர் அவர். வகுப்பில் இதை நான் வருடா வருடம் நடத்தியிருக்கிறேன். ஒரு ஆளின் சோறு அதில் தொங்கிக்கொண்டு நின்றது அன்றுதான்.

"நடுவுல என்ன வேலைங்க சார்?" என்றேன்.

"தெரியலை. நீ என்ன பாத்தே?"

யோசித்துப் பார்த்தேன். "விளக்கு எரிஞ்சதும் அவரு விளக்கைப் பாத்தாருங்க. அப்புறம் உங்களைப் பாத்தாரு. நீங்க கண்ணு சிமிட்டுனதும் எடுத்தாரு."

சார் தாளைக் கவிழ்த்து வைத்தார். நாச்சிமுத்துவைத் திரும்பக் கூப்பிட்டார். அட்டையை முன்போலவே படித்தார், ஓர் எழுத்துகூட மாற்றவில்லை. பிறகு எழுந்து பக்கத்து ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தன்னை மட்டும் அந்த அறையிலிருந்து எடுத்துவிட்டார். நானும் ஒயரை இழுத்துக்கொண்டு அலமாரிக்குப் பின்னால் போனேன். அறையில் நாச்சிமுத்துவும் விளக்கும் மட்டும்.

முதல் சில முறை விரல் தடுமாறியது. ஆளில்லாத நாற்காலியைப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. பிறகு டக், டக் என்று எழ ஆரம்பித்தது. அந்த வயதுக்காரர்களுக்கு இருக்க வேண்டிய நேரம், சில சமயம் அதையும்விடக் குறைவு. அலமாரிக்குப் பின்னால் நின்றபடி நான் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். விரிவுரையாளர் சத்தம் போடக் கூடாது என்பதும் சாருடைய விதிதான்.

சார் வந்து இரண்டாவது வரிசைப் புள்ளிகளை வைத்தார். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தார். மிஞ்சியது, நாச்சிமுத்து ஒருவரிடம் உத்தரவு வாங்க எடுத்துக்கொண்ட நேரம். மரியாதைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று அளந்தவர்கள் எங்களைத் தவிர வேறு யாரும் இருக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது.

"ஏனுங்க நாச்சிமுத்து, வெளக்கு எரிஞ்சதும் என்னைய எதுக்குங்க பாத்தீங்க?" என்று கேட்டார்.

"நீங்க இருக்கறப்ப நானா எப்படிங்க எடுக்கறது? எடுக்கலாமான்னு ஒரு வார்த்தை..."

அதற்குள் முதலாளியும் வந்து சேர்ந்தார். சார் இரண்டு வரிசைகளையும் காட்டி விளக்கினார். முதலாளி கெட்டிக்காரர், உடனே கேட்டார்: "அப்ப ரோட்டுலயும் இப்படி மரியாதை பாத்துட்டு நிக்க மாட்டாருன்னு என்னங்க நிச்சயம்?"

சார் பதில் சொல்லும் முன் நாச்சிமுத்து முந்திக்கொண்டார். அன்று அவர் யாரையும் பார்க்காமல் பேசியது அதுதான் முதல் முறை.

"ரோட்டுல யாரைங்க பாக்கறது? அங்க நான் மட்டுந்தானுங்க."

முதலாளி கொஞ்ச நேரம் தாளைப் பார்த்தார். "மிஷினே சொல்லிருச்சுங்களே. திங்கக்கெழமை வண்டிய எடுங்க நாச்சிமுத்து" என்றார். அவருக்குப் போன் வந்தது, பேசிக்கொண்டே வராந்தாவுக்குப் போய்விட்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது. வேலை முடிந்தது என்று ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

நாச்சிமுத்து எழுந்திருக்கவில்லை.

"ஐயா, ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"கேளுங்க."

"அன்னிக்கு நான் லேட்டுங்களா?"

நான் சுருட்டுவதை நிறுத்தினேன். வேலை போகுமா என்று பயந்துகொண்டு ஆள் வந்திருக்கிறார் என்றுதான் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் இதைத் தெரிந்துகொள்ள வந்திருக்கிறார். பொத்தானை அழுத்திப் பிடித்ததும், நாற்காலி நுனியில் அத்தனை நேரம் காத்திருந்ததும் இதற்குத்தான்.

"இன்னிக்கு நீங்க லேட்டு இல்லீங்க" என்றார் சார்.

"அது தெரியுதுங்க. அன்னிக்குங்க?"

ஒரு சொல் போதும். 'இல்லீங்க' என்று ஒரே ஒரு சொல். கையில் ஆதாரமாக ஒரு வரிசைப் புள்ளி வேறு இருந்தது. எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது, "உங்க மேல தப்பே இல்லீங்கண்ணா" என்று. சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். அந்த நிமிடம் அவரை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

"தெரியாதுங்க" என்றார் சார்.

நாச்சிமுத்து கொஞ்சம் முன்னால் நகர்ந்தார். "தெரியாதுங்களா?"

"இந்த ரூம்புல, இந்த வெளக்குக்கு, இன்னிக்கு உங்க வெரலு எப்படின்னு எனக்குத் தெரியும். அன்னிக்கு ரோட்டுல என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் வழியில்லீங்க."

நாச்சிமுத்து மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"போலீஸ்காரரு தப்பில்லைன்னாருங்க. மொதலாளி தப்பில்லைன்னாரு. என்ற சம்சாரம், மச்சான், கண்டக்டரு, எல்லாருந்தானுங்க. பதினாறாம் நாளு அந்த ஊட்டுக்குப் போனேனுங்க. போகாம இருக்க முடியலை. செத்தவரோட சம்சாரம், அந்தம்மா, என்னைய உக்கார வெச்சு, எலை போட்டு, சோறு போட்டாங்க. போட்டுட்டு, 'உங்க மேல தப்பில்லீங்கண்ணா, சாப்புடுங்க'ன்னாங்க. நானும் சாப்புட்டேனுங்க. சாப்புடாம எந்திரிச்சா அவங்களுக்கு மரியாதையா இருக்காதுங்களே. அன்னிலருந்து சோத்தைப் பாத்தாலே ஒமட்டுதுங்க. அவங்க யாரும் வண்டியில இல்லை. எப்படிங்க தெரியும் அவங்களுக்கு?"

சொல்லிவிட்டு நிமிர்ந்து சாரைப் பார்த்தார்.

"தெரியாதுன்னு சொன்னது நீங்க ஒருத்தருதானுங்க" என்றார் நாச்சிமுத்து. "எனக்கும் தெரியாதுங்க. நான் ஒருத்தன்தான் இப்படி இருக்கேன்னு நெனச்சுட்டிருந்தேன். இன்னொருக்கா சொல்லுங்கய்யா."

சார் அட்டை படிக்கும் அதே குரலில், ஒரு சொல்லும் கூட்டாமல், "தெரியாதுங்க" என்றார்.

நாச்சிமுத்து அந்தப் பொத்தான் இருந்த மேசையிலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். பெரிய சத்தமாக, வெட்கமில்லாமல் அழுதார். வராந்தாவில் முதலாளி போனில் பேசுவதை நிறுத்திவிட்டார். எனக்கும் அழுகை வந்தது, ஒயரைக் கையில் வைத்துக்கொண்டே அழுதேன். சார் அழவில்லை. நாச்சிமுத்து தலையை நிமிர்த்தும்வரை எதிரே அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு அவரிடம், "சாப்டீங்களா?" என்று கேட்டார். இல்லீங்க என்றார் நாச்சிமுத்து. மதியம் இருந்த வகுப்பை என்னை எடுக்கச் சொல்லிவிட்டு, சார் அவரைக் கேன்டீனுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.